பச்சை இல்லாத எட்டு நாட்கள்

மரகதவல்லி அம்மன் கோயில் வீதியை விட்டுப் பச்சை நிறம் நீங்கியது ஒரு விஜயதசமியன்று காலை ஏழு மணிக்கு. ஆயுத பூஜைக்காக முதல்நாள் ஓய்ந்திருந்த லேத் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்க, வாசல்தோறும் கட்டிய வாழைக்கன்றுகள் இன்னும் வாடாமல் நிற்க, பன்னிரண்டாம் எண் வீட்டின் முன்னறையில் கோகிலவாணி தன் கேமிங் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில், வாழையிலை சாம்பல் நிறமாயிற்று, வேம்பு சாம்பல் நிறமாயிற்று, கோபுரத்துக் கிளி சாம்பல் நிறமாயிற்று, மரகதத்தையே தன் திருநாமமாகக் கொண்ட அம்மனின் பட்டும் திருநீற்றில் தோய்த்தெடுத்ததுபோல் வெளுத்து நின்றது.

அந்த வீதி கோயம்புத்தூரின் வடபுறத்தில் ரயில் பாதையை ஒட்டி, நாற்பத்தொரு வீடுகளும் ஆறு பட்டறைகளும் ஒரு தேநீர்க்கடையும் ஒரு கோயிலுமாக அமைந்தது. இரும்பைக் கடைந்து வாழ்கிறவர்கள் எளிதில் வியப்பதில்லை. வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "இந்த வருசம் இப்படித்தானாட்ட இருக்குது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆறுகிற காப்பியை நினைத்து உள்ளே போனார்கள்.

கோகிலவாணிக்கு இருபத்தொன்பது வயது. ஒன்பது மாதம் நிறைந்த கர்ப்பம். கணினித் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டுகள் பழுதானால் சீர்செய்வதில் அவளுக்கு இணையானவர் அந்தப் பக்கத்தில் இல்லை என்பதால், ஈரோட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் இளைஞர்கள் தங்கள் கார்டுகளைத் துண்டில் பொதிந்து, நோயுற்ற குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டரோ ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த கரிய பெட்டி. அதனுள்ளே மூன்று காற்றாடிகள் கொண்ட, செங்கல் அளவு கனத்த ஒரு கார்டு. மசக்கை கண்ட நாள் முதலாக அவள் அந்தக் கார்டைக் கொண்டு இந்த வீதியையே வீடுவீடாக, தூண்தூணாக, சாக்கடை மூடி உட்பட, தோழிகள் கார் ஓட்டி விளையாடுவதற்கான களமாகக் கணினிக்குள் கட்டி எழுப்பியிருந்தாள். ஆகவே திரையிலிருந்த வீதியிலும் வெளியிலிருந்த வீதியிலும் பச்சை ஒரே நொடியில் போனபோது, எதிலிருந்து முதலில் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை; சிவம் முதலா சக்தி முதலா என்று கேட்டுப் பழகாதவர்கள் அவர்கள்.

"மாமா, கார்டுல ஏதோ கோளாறுங்க. பச்சை வரமாட்டேங்குது" என்றாள் அவள்.

அவளுடைய கணவன் மருதாசலம் லேத் ஓட்டுகிறவன். கனிந்த மனமும் குறைந்த பேச்சும் உடையவன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "வெளியிலயும் வரல அம்மணி" என்றான்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

அன்றே அவள் கேபிளை மாற்றினாள். அந்தக் காலத்துத் தடித்த கேபிள்களில் ஒரு ஊசி வளைந்தால் ஒரு நிறம் போகும். இந்தக் காலத்துக் கேபிளில் அதற்கு வழியில்லை என்பது தெரிந்தும் மாற்றினாள். வீதி ஒருமுறை இமைத்ததே தவிரப் பச்சை வரவில்லை. மானிட்டரை மாற்றினாள், வெளியே வெயில் சற்று மஞ்சள் கூடியது, அவ்வளவே. சனிக்கிழமை, கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவ முற்பட்டாள். நீக்கிய பின்பு, நிறுவும் முன்பு, திரையில் எல்லாம் பெருத்துத் தெரிகிற அந்த அரைமணி நேரம் வீதியும் பெருத்து நெருங்கியது: எதிரெதிர் வீடுகள் கைநீட்டும் தூரத்துக்கு வந்தன, தேநீர்க்கடைத் தெய்வசிகாமணி கல்லாவை விட்டு எழாமலே ஐந்து வீடுகளுக்கு டம்ளர் நீட்டினார், பல வருடங்களாகப் பேசாதிருந்த இரு ஓரகத்திகள் மூக்கும் மூக்கும் இடிக்கிற நெருக்கத்தில் நிற்க நேர்ந்து, வேறு வழியின்றி நலம் விசாரித்துக்கொண்டார்கள். டிரைவர் நிறுவி முடிந்ததும் வீடுகள் தம் இடத்துக்குப் போயின. பச்சை மட்டும் வரவில்லை.

போனது நிறம் மட்டுமல்ல, சொல் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

நம் மொழியில் பச்சை என்பது இலைக்கும் கிளிக்கும் மட்டும் உரியதன்று. வேகாததும் பச்சை, காய்ச்சாததும் பச்சை, பழுக்காததும் பச்சை, மூடி மறைக்காத பேச்சும் பச்சை. கார்டு அந்தச் சொல்லையே வேரோடு வரையாமல் விட்டுவிட்டது. டப்பாக்களில் இருந்த பச்சரிசி புழுங்கலரிசியாயிற்று. குழாயில் பச்சைத் தண்ணீர் வருவது நின்று, காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்போடு நீர் வந்தது. பால்காரர் ஊற்றும்போதே பாலில் ஆடை படிந்திருந்தது. காய்க்காரர் வண்டியில் வைத்த வாழைக்காய்த் தார் வீதி முனையைக் கடக்கும்போதே பழுத்து உதிர்ந்தது. பூசாரி சின்னாண்டி பச்சைக் கற்பூரச் சிமிழைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாததை முகர்ந்து பார்த்து, புழுங்கலரிசியில் அம்மனுக்கு எப்படிப் பொங்கல் படைப்பது என்று நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தெய்வசிகாமணியின் முழங்கையில் இளமையில் பச்சை குத்திக்கொண்ட, அவர் மனைவியின் பெயரல்லாத வேறொரு பெண்ணின் பெயர் அழிந்துபோயிற்று. அவர் மனைவி சரோசா அன்று மாலை நெய்விளக்கு ஏற்றினாள்.

குழாயடியில் பச்சையாகத் திட்ட முடியாமல் பெண்கள் தவித்தார்கள். வாயைத் திறந்தால் வேறு மொழி வந்தது.

"தங்கள் குடத்தைச் சற்றே நகர்த்தினால் நலமாக இருக்கும்" என்றாள் ராசாமணி, கண்களில் நெருப்போடு.

"தங்கள் பெருந்தன்மையின் அளவை நான் நேற்றே அறிந்தேன்" என்றாள் அடுத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு. இருவரும் இப்படியே முக்கால் மணி நேரம் ஒருவரையொருவர் வாழ்த்தி, மனம் ஆறாமலே வீடு திரும்பினார்கள்.

பச்சைப் பொய்யும் போய்விட்டது. "பாய்லரைக் கழுவினீங்களா?" என்று வழக்கம்போல் ஒருவர் கேட்க, வழக்கம்போல் பதில் சொல்ல வாயெடுத்த தெய்வசிகாமணி, "இல்லீங்க, பதினோரு நாளாச்சுங்க" என்று சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து அவர் பாய்லரைக் கழுவத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் வீதி இப்படி ஒரு வழி கண்டது. பால் காய்ச்ச வேண்டாம் என்பது வசதியாயிற்று. காய் பழுக்கக் காத்திருக்க வேண்டாம் என்பதும் வசதியாயிற்று. சமையலறைகளில் அடுப்புகள் மதியத்திலேயே அணைந்தன. பெண்கள் மாலையில் கோயில் வாசலில் கால்நீட்டி உட்கார்ந்து, சாம்பல் நிற வேம்பும் ஒருவிதத்தில் அழகுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கோகிலவாணி கார்டையே வெளியே எடுத்தாள். பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தவன் மருதாசலம். நிறைந்த வயிறு மேசையில் இடிக்க, குனிந்து உள்ளே பார்க்க இயலாமல் அவள் விரலால் தடவியே வேலை செய்தாள். காற்றாடித் தூசியை ஊதினாள். சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்து, புதியதைப் பட்டாணி அளவு வைத்தாள். கார்டின் அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பற்களை எழுத்தழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துப் பளபளக்கச் செய்து, மீண்டும் அது செருகி நிற்கும் பள்ளமான ஸ்லாட்டில் அமர்த்தினாள்.

பச்சை வந்தது. வேம்பில் முதலில், பிறகு கிளியில், பிறகு அம்மனின் பட்டில். வீதி கைதட்டியது. ஆனால் அரைமணி நேரத்தில், நீரில் கரைகிற வண்ணம்போல் அது மறுபடியும் போய்விட்டது. அந்த அரைமணியில் அனைவரும் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: இலைக்கு நிறம் திரும்பியது, குழாயில் குளிர்ந்த நீர் திரும்பியது, பழுத்த வாழை மட்டும் காயாகத் திரும்பவில்லை, வெந்த அரிசி வேகாததாகத் திரும்பவில்லை. பழுத்தது பழுத்ததுதான்.

செவ்வாய்க்கிழமை சவரியம்மாளின் ஆடு ஈன்றது.

கடைசி வீட்டில் தனியே வாழ்ந்து, ரயில் பாதையோரம் ஆடு மேய்க்கும் சவரியம்மாள் முன்யோசனை உள்ளவள். சினை ஆட்டை ஆட்டோவில் ஏற்றி, போத்தனூரில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே ஈனச் செய்தாள். அங்கே மரமெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. இருந்தும், அந்தக் குட்டி இரண்டு அங்குலக் கொம்போடும் தாடியோடும் பிறந்தது. அது மடியைத் தேடவில்லை, துள்ளவில்லை, கத்தவுமில்லை. எழுந்து நின்று, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளை நிதானமாகத் தின்று முடித்து, பணிஓய்வு பெற்ற குமாஸ்தாவைப்போல் வானத்தைப் பார்த்தது.

"நம்ம வீதிக்காரங்க எங்க போனாலும் வீதியும் கூடவே வருது கண்ணு" என்றாள் குட்டியோடு திரும்பி வந்த சவரியம்மாள், கோகிலவாணியின் வயிற்றில் கைவைத்து. பிறந்த பிள்ளையை நாம் பச்சைக் குழந்தை என்கிறோம். பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். அந்தச் சொல் இல்லாத வீதியில் பிறக்கிற பிள்ளை என்னவாகப் பிறக்கும் என்பதை, தாடி வைத்த அந்தக் குட்டியைப் பார்த்த ஒவ்வொருவரும் தத்தம் மனத்துக்குள் அறிந்துகொண்டார்கள்.

நம் முன்னோர் உலகையெல்லாம் ஈன்ற அன்னையையே மழலையாக்கி, செங்கீரை ஆடச் சொல்லியும், சப்பாணி கொட்டச் சொல்லியும், நிலவை விளையாட அழைத்தும் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். எல்லாம் அறிந்த பரம்பொருளை ஒன்றும் அறியாத சிசுவாக மடியில் ஏந்துவதற்கு அத்தனை ஆசை அவர்களுக்கு. தவழாமல், உளறாமல், விழுந்து எழாமல் ஒரு பிள்ளை வருமானால் அந்தப் பருவங்கள் பத்தும் எங்கே போய் நிற்கும்?

புதன்கிழமை வயிற்றிலிருந்து பதில் வரத் தொடங்கியது. அதுவரை நேரம் காலம் பாராமல் உதைத்தும் உருண்டும் தாயின் உறக்கத்தைக் கலைத்துக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென அடங்கிப்போயிற்று. "சாமி, பசிக்குதா?" என்று கோகிலவாணி கேட்டபோது, உள்ளிருந்து ஒரே ஒரு தட்டு, தெளிவாக வந்தது. "இட்லி வேணுமா?" என்றாள். இரண்டு தட்டு. "தோசையா?" ஒரு தட்டு.

இதுவும் வீதிக்கு வசதியாயிற்று. வியாழக்கிழமை காலை பன்னிரண்டாம் எண் வாசலில் வரிசை நின்றது. பெண் பார்க்கப் போகலாமா என்று கேட்டார்கள். தொலைந்த சாவி பீரோவின் கீழா மேலா என்று கேட்டார்கள். ஒருவர் தம் மருமகனின் குணத்தைப் பற்றிக் கேட்டு, இரண்டு தட்டு கிடைத்து, பெருமூச்சோடு போனார். பிள்ளை பொறுமையாக, முதிர்ந்த நீதிபதியைப்போல் எல்லாவற்றுக்கும் பதில் தந்தது.

"நல்ல அறிவுள்ள புள்ளை அம்மணி" என்றார் ஒருவர்.

கோகிலவாணி கதவைச் சாத்திவிட்டு வந்து, தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்தாள். "மாமா, எட்டி உதைக்கவே மாட்டேங்குதுங்க" என்று சொல்லி அழுதாள். "ஒரு உதை. காரணமில்லாம, சும்மா, ஒரு உதை உதைச்சா போதுமுங்க எனக்கு."

மருதாசலம் அவளருகே உட்கார்ந்திருந்தான். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், அவள் பாதத்தின் வீக்கத்தை அழுத்திவிட்டான்.

அன்று பகல் முழுவதும் அவள் வேலை பார்த்தாள். பவர் சப்ளையை மாற்றினாள். வீதியில் மின்விசிறிகள் வேகம் கொண்டன, வேறொன்றும் நிகழவில்லை. கார்டைக் கழற்றி, பழுதுபார்க்க வந்திருந்த வேறொரு கம்ப்யூட்டரில் பொருத்தினாள். அங்கே அது பச்சையைக் குறைவின்றி வரைந்தது. தன்னுடையதில் திரும்பப் பொருத்தினாள், சாம்பல். கார்டில் பழுதில்லை என்றால் பழுது எங்கே? பத்தாண்டுத் தொழிலில் இப்படி முட்டி நின்றதில்லை அவள்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் வீதி கூடியது. பச்சை திரும்ப வரத்தான் வேண்டுமா என்பதே பேச்சு.

"எனக்கு வேண்டாமுங்க" என்றாள் சரோசா எழுந்து. "கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல இந்த ஒரு வாரந்தான் இந்த மனுசன் எங்கிட்ட நெசம் பேசியிருக்காரு."

"எனக்கும் வேண்டாமுங்க" என்றார் தெய்வசிகாமணி. பிறகு தாங்கமாட்டாமல், "ஆனா இவ கேக்கற கேள்விக்குப் பயந்து நாலு நாளா வீட்டுக்குள்ள போகலீங்க" என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது.

"அம்மனுக்குப் பச்சரிசி வேணும்" என்றார் பூசாரி சின்னாண்டி. "ஒரு வாரமா வெறும் பழத்தைக் காட்டிட்டு இருக்கேன். அவ ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் மூஞ்சி காட்ட முடியல."

பின்வரிசையிலிருந்து ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், கோகிலவாணியைப் பார்த்துச் சொன்னார்: "பொறக்கையிலயே பல்லு மொளச்சு, பேச்சு வந்து, நடந்து வந்தா நல்லதுதான அம்மணி? ராத்திரி முழிக்கற வேலை இல்ல. துணி அலசற வேலை இல்ல. மசிச்சு ஊட்டற வேலை இல்ல."

கோகிலவாணி இடுப்பில் கையூன்றி எழுந்தாள். "எனக்கு அந்த வேலை வேணுமுங்க" என்றாள்.

சவரியம்மாள் தன் காலடியில் படுத்திருந்த தாடிக் குட்டியைப் பார்த்தாள். குட்டி அவளைப் பார்க்கவில்லை.

"இந்தத் தொழில்ல மொதக் கேள்வி ஒண்ணு இருக்குதுங்க" என்று தொடர்ந்தாள் கோகிலவாணி. "பொட்டி நல்லா ஓடிட்டு இருந்துது, திடீர்னு ஓடல. நடுவுல யாரு என்ன பண்ணுனீங்க? அதைத்தான் கேக்கோணும். நானும் பத்து வருசமா வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கறேன். அத்தனை பேரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க: நான் ஒண்ணுமே பண்ணலீங்க, தானா நின்னுபோச்சுங்க. கார்டு மேல டீ சிந்தியிருக்கும், உள்ள பல்லி செத்துக் கெடக்கும், அப்பவும் அதேதான். அந்தப் பழக்கத்துல, என்ற பொட்டிக்கு நான் அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்லீங்க. எப்படியும் யாரும் நெசம் சொல்லப் போறதில்லைன்னு இருந்துட்டேன். ஆனா இப்ப இந்த வீதியில யாராலயும் பச்சைப் பொய் சொல்ல முடியாது." அவள் மூச்சு வாங்கினாள். "அதனால இப்பக் கேக்கறேன். ஆயுத பூசையன்னிக்கு என்ற பொட்டியை யாரு தொட்டீங்க?"

ஒருவர்பின் ஒருவராக எழுந்து, சாட்சி சொல்வதுபோல், "நான் தொடலீங்க" என்றார்கள். நாற்பது வீட்டார் சொன்னார்கள். வாய் தடுமாறவில்லை, சொல் திரியவில்லை. ஆகவே அத்தனையும் உண்மை. எஞ்சியது ஒரு வீடு. அவள் தன் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்ல இயலாதே தவிர, பேசாமலிருக்க இயலும். எட்டு நாட்களாக அவன் அப்படித்தான் இருந்திருக்கிறான்.

"மாமா?"

"நாந்தான் அம்மணி" என்றான் மருதாசலம்.

சொல்லத் தொடங்கியதும் அவனால் நிறுத்த முடியவில்லை. பட்டறையில் பூஜை முடித்து, மிச்சச் சந்தனத்தோடு வீட்டுக்கு வந்ததும், அவள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்ததும், பெட்டியின் கண்ணாடியில் பொட்டு வைக்கக் கைநீட்டியபோது ஒரு எண்ணம் தடுத்ததும் எல்லாம் வந்தன.

"லேத்துக்குப் பூசை போட்டா மேல்மூடிக்கா சந்தனம் வெக்கறோம்? எது சுத்துதோ, எது வேலை பாக்குதோ, அதுக்குத்தான வெக்கறோம்? இதுலயும் வேலை பாக்கறது அந்தக் கார்டுதான்னு நீ அடிக்கடி சொல்லுவ. அதான் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, கார்டுக்கே வெச்சேன். உனக்குச் சோறு போடற கார்டு. தாயும் புள்ளையும் நல்லபடியா ரெண்டு உசுரா பிரியோணும்னு வேண்டிட்டு வெச்சேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியா இருந்துது. ஒழுகுச்சு. வேட்டியில தொடச்சுட்டேன். அம்மனுக்கு வெச்ச சந்தனம் கெடுதல் பண்ணும்னு மனசு ஒத்துக்கல அம்மணி. ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் சொல்ல வாய் வரல."

வீதி முழுவதும் அவளைப் பார்த்தது. பூசாரி கண்களை மூடிக்கொண்டார்.

"எங்க வெச்சீங்க?" என்றாள் கோகிலவாணி. கோபத்தில் கேட்டதல்ல, தொழிலில் கேட்டது. "எந்தப் பக்கம் ஒழுகுச்சு? வந்து காட்டுங்க."

அவன் காட்டினான். கார்டின் பின்முனையில் தொடங்கி, அவன் விரல் கீழே இறங்கி, ஸ்லாட்டின் வாயருகே நின்றது. கார்டின் பற்களை அவள் எத்தனையோ முறை தேய்த்தாயிற்று; பற்கள் போய்க் கடிக்கிற இடத்தை, அந்தக் கரிய பள்ளத்தின் அடியை, குனிய முடியாத வயிற்றோடு அவள் பார்க்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகச் சந்தனம் அங்கே காய்ந்திருந்தது. முகர்ந்தபோது மணத்தது.

அப்போதுதான் முதல் வலி வந்தது.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, வாசலில் சவரியம்மாள் ஆட்டோவை நிறுத்தியாயிற்று. "ஏறு கண்ணு, ஏறு" என்றாள்.

"இருங்கக்கா. இது முடியாம நான் ஏறமாட்டேன்."

"புள்ளை நிக்குமா உனக்காக?"

"கேட்டுப் பாக்கறேன்" என்று கோகிலவாணி வயிற்றில் கைவைத்து, "சாமி, அரைமணி நேரம் பொறுப்பியா?" என்றாள். ஒரு தட்டு வந்தது. அந்தப் பொறுமைதான் அவளுக்கு வலியைவிட வலித்தது.

நாற்காலியில் அமர்ந்து, வலிக்கும் வலிக்கும் இடையே அவள் சொல்லச் சொல்ல, மருதாசலம் செய்தான். எலக்ட்ரானிக்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டைப் புதிய மெல்லிய தூரிகையில் தொட்டான். ஸ்லாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, மயிரிழையில் பாதியையும் நகத்தால் அளக்கத் தெரிந்த லேத்காரன் விரல்களால், பசு தன் கன்றை நக்கிவிடுவதுபோல் வருடினான். மஞ்சள் கரைந்து தூரிகைக்கு வந்தது. இரண்டாம் முறை வெளிறி வந்தது. ஏழாம் முறை ஒன்றும் வரவில்லை.

"காயட்டும்... ஊதாதீங்க. எச்சில் படும்... இப்பக் கார்டு. அமுக்காதீங்க, மொதல்ல பல்லு நேரா நிக்குதான்னு பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே அழுத்து." அவள் உதட்டைக் கடித்தாள். "அழுத்துங்க."

கொக்கி 'டக்' என்று விழுந்தது.

"பொத்தானை நீ அமுக்கு அம்மணி. என்ற கை வேண்டாம்."

"அந்தக் கைதானுங்க எங்க ரெண்டு பேருக்காகவும் வேண்டிக்கிட்டுது. நீங்களே அமுக்குங்க மாமா."

அவன் அழுத்தினான். காற்றாடிகள் சுழன்றன. திரை கரியதாகவே நின்றது; ஒரு பதிகம் பாடி முடிக்கிற நேரம் நின்றதாக அனைவருக்கும் தோன்றியது. கோயில் வாசலிலும் குழாயடியிலும் பட்டறைகளிலும் யாரும் அசையவில்லை. அப்போது குழாயடியிலிருந்து ராசாமணியின் குரல் எழுந்தது. தன் குடத்தை நகர்த்தியவளின் பரம்பரையில் மூன்று தலைமுறையைத் தொட்டு, இங்கே எழுதத் தகாத ஒரு முழுமையான, பச்சையான வசவு, தங்கு தடையின்றி வீதியெங்கும் ஒலித்தது. அடுத்தவள் அதற்குக் குறையாமல் ஒன்று தந்தாள். இருவரும் நின்றார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், குடத்தோடு குடம் இடிக்கக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தகைய பேச்சு காதில் விழுந்தால் ஆலய மணியை அடித்து மறைக்கிற சின்னாண்டி, அன்று அந்தத் திசை நோக்கிக் கைகூப்பினார். குழாயில் நீர் சில்லென்று இறங்கியது. வேப்ப மரத்தின் உச்சியில் ஒரு கொழுந்து பச்சையாயிற்று. பிறகு அதன் அடுத்தது, அதன் அடுத்தது, யாரோ ஒவ்வோர் இலையையும் பெயர் சொல்லி அர்ச்சிப்பதுபோல் மேலிருந்து கீழே, கிளை கிளையாக.

அதைப் பார்க்க கோகிலவாணி அங்கே இல்லை. வசவு காதில் விழுந்ததுமே மருதாசலம் அவளை ஏற்றிய ஆட்டோ வீதி முனையைத் தாண்டியிருந்தது. குலுங்கும் இருக்கையில் அவள் வயிற்றைத் தடவி, "சாமி? பசிக்குதா?" என்றாள். பதிலில்லை. "வலிக்குதா சாமி?" பதிலில்லை. பழுத்தது திரும்பாது என்பது அவளுக்கு நினைவிருந்தது. வயிற்றுக்குள் மூன்று நாட்களாகப் பதில் சொன்ன பிள்ளை, பழுத்த பிள்ளையா இல்லையா? மருதாசலம் அவள் கையைப் பிடித்திருந்தான். அவன் விரல்களில் ஸ்பிரிட்டின் வாடையும் சந்தனத்தின் மணமும் கலந்திருந்தன.

முற்பகல் பதினொன்று இருபதுக்குப் பெண் பிறந்தது. உறைபோட்ட கைகளில் நர்ஸ் கொண்டுவந்து நீட்டியதும், மருதாசலம் முதல் வேலையாகத் தன் சுண்டுவிரலால் அதன் உதட்டை விலக்கினான்.

"என்னங்க பண்றீங்க!" என்று அதட்டினாள் நர்ஸ்.

"பல்லு இருக்குதான்னு பாத்தனுங்க."

"பொறந்த கொழந்தைக்குப் பல்லா? நல்ல ஆளு வந்தீங்க."

ஈறு வழுவழுவென்று, பூவின் உட்புறம்போல் இருந்தது. அவன் பிள்ளையைத் தாயிடம் கொண்டுபோனான். கோகிலவாணி அதன் முகத்தருகே முகம் வைத்துக் கேட்டாள்: "அம்மணி, பசிக்குதா?"

பிள்ளை பதில் சொல்லவில்லை. தட்டவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. கண்கள் கூரையில் ஓரிடத்தையும் பற்றாமல் வழுக்கின. திடீரென்று, எதற்கென்றே இல்லாமல் வீறிட்டு அழுதது. அழுததையும் பாதியில் மறந்தது. தன் கையையே வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்து, குறி தவறி மூக்கில் இடித்துக்கொண்டது. அதிர்ந்து, அந்தரத்தில், யாரையும் எதையும் நோக்காமல் ஓங்கி ஓர் உதை உதைத்தது.

"மாமா" என்றாள் கோகிலவாணி. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. "மாமா, இவளுக்கு ஒண்ணுமே தெரியலீங்க!"

அவன் அறையை விட்டு ஓடினான். வேலையைப் போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை அடைத்து நின்ற வீதியார் முன்னால் போய், "ஒண்ணுமே தெரியலீங்க!" என்று உரக்கச் சொன்னான். முன்னே நின்றவர்கள் பின்னே நின்றவர்களிடம் சொன்னார்கள். பின்னே நின்றவர்கள் படிக்கட்டில் நின்றவர்களிடம் சொன்னார்கள். படிக்கட்டிலிருந்து அது வாசலுக்குப் போய், வாசலிலிருந்து ஆட்டோ ஏறி, ரயில் பாதையோரமாக வந்து, பட்டறை பட்டறையாக, வீடு வீடாக, வீதி முழுவதும் பரவியது: "ஒண்ணுமே தெரியலையாமா! கொழந்தைக்கு ஒண்ணுமே தெரியலையாமா!"